ராஜாவுக்கு முன் நின்ற நெகேமியாவும் டாக்டருக்கு முன் நின்ற நானும்

தியானப் பகுதி: நெகேமியா 1, 2 அதிகாரங்கள்



சாதாரணமாக இந்தப் பக்கத்தில் முடிந்துபோன காரியங்களைத்தான் சாட்சியாக எழுதுவோம். வியாதி வந்தது, ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, அல்லேலூயா என்று முடிப்போம். இந்த மாதம் அப்படி எழுத என் கையில் ஒன்றும் இல்லை. என் காரியம் இன்னும் முடியவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கு வியாழக்கிழமை. வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு பயாப்சி. அதன் முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. என் தேவனுக்குத் தெரியும். முடிந்த பிறகு எழுதினால் என்னைப் பற்றி எழுதிவிடுவேன். முடியுமுன்னே எழுதினால்தான் உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று ஆவியானவர் உள்ளத்தில் ஏவினபடியால் எழுதுகிறேன்.

துர்ச்செய்தி வந்த நாள்

எனக்கு வயது 64. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் சபை நடத்தி வருகிறேன். 2025 ஆகஸ்டு மாதம் எங்கள் சபை வளாகத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. சர்க்கரை, கொழுப்பு பார்த்ததோடு, ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். ஜனங்கள் கூச்சப்பட்டு ஒதுங்கக் கூடாதே என்று முதல் ஆளாக நானே கையை நீட்டினேன். ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. எல்லோருக்கும் ஒன்று, இரண்டு என்று இருக்க, எனக்கு மட்டும் 9.4.

அந்தக் காகிதத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? மடித்து என் வேதாகமத்துக்குள் வைத்து மூடிவிட்டேன். பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று பயப்படாதிருங்கள் என்று பிரசங்கித்தேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து பாத்ரூம் போகும்போதெல்லாம் பயந்து நடுங்கினேன். என் தகப்பனார் 1991-ல் முதுகெலும்பு வலியில் துடித்துத்தான் மரித்தார். நீர் பிரிவதில் அவருக்கு ரொம்ப நாளாகச் சிரமம் இருந்திருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்ல வெட்கம். வாதம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, புராஸ்டேட்டில் ஆரம்பித்து எலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். அந்த வெட்கம் எனக்கும் சொத்தாக வந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை ஜெபத்துக்கு என் வேதாகமத்தை எடுத்த மனைவி காகிதத்தைப் பார்த்துவிட்டாள். “என்னங்க இது? ஊரு சனத்துக்கெல்லாம் கைவச்சு ஜெபிக்கிறீங்க. நான் உங்களுக்கு ஜெபிக்கக் கூடாதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குத்தான் அழுதேன்.

பிரியமானவர்களே, எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி சூசான் அரமனையில் நெகேமியாவுக்கு வந்தபோது அவன் என்ன செய்தான்? உட்கார்ந்தான், அழுதான், சில நாள் துக்கித்தான், உபவாசித்து ஜெபித்தான். தேவ மனுஷன் அழக்கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. துர்ச்செய்தி வந்த முதல் வாரம் அழுகிறவனை அவிசுவாசி என்று சொல்லாதீர்கள். ஆனால் நெகேமியா செய்தியை மடித்து ஒளித்து வைக்கவில்லை, அதைத் தேவனுடைய சமுகத்தில் விரித்து வைத்தான். நான் தவறினது அங்கேதான்.

நான் கிழிக்கச் சொன்ன காகிதம்

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தச் செய்தி பொய்யாகிவிடும். எங்கள் சபையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு சகோதரன் இருக்கிறார். ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். 2020-ல் இதே பரிசோதனையில் அவருக்கு அளவு கூடியிருந்தது. பயாப்சி எடுக்கச் சொன்ன சீட்டோடு என்னிடம் ஜெபிக்க வந்தார். நான் என்ன சொன்னேன்? “அண்ணாச்சி, மனுஷனுடைய ரிப்போர்ட்டை நம்பாதீங்க. இதைக் கிழிச்சுப் போடுங்க” என்றேன். என் கண் முன்னாலேயே கிழித்தார். சபையார் கரகோஷம் செய்தார்கள். 2022-ல் அவருக்கு இடுப்பு வலி வந்தது. ஸ்கேனில் எலும்பில் பரவியிருப்பது தெரிந்தது. இன்றைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் தினமும் மாத்திரையுமாக இருக்கிறார். கடையில் உட்காருகிறார், சபைக்கு வருகிறார், துதிக்கிறார். ஆனால் அன்றைக்கே போயிருந்தால் என்னவாயிருக்கும் என்கிற கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் என் முன்னால் மூன்றாவது வரிசையில் வந்து உட்காருகிறது.

என் மனைவி காகிதத்தைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலம் அவர் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லி, என் காகிதத்தைக் காட்டி, “அண்ணாச்சி, நான் உங்களுக்குப் பாவம் செஞ்சேன். மன்னிப்பீங்களா?” என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “பாஸ்டர் ஐயா, மன்னிச்சு நாளாச்சு. நீங்க கேக்கணும்னுதான் ஜெபிச்சேன்” என்றார். அடுத்து, அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என் கையில் வைத்தார். “இந்தக் காகிதத்தைக் கிழிக்காதீங்க. இதுல முதப் பக்கத்துல ஒட்டுங்க. டாக்டர்ட்ட போறதுக்கு முன்னால எல்லாத்தையும் எழுதிட்டுப் போங்க. நான் எழுதாமப் போயி ரொம்பப் பட்டிருக்கேன்” என்றார்.

தேவன் எனக்கு ஆசானாக அனுப்பினது ஒரு வேதாகமக் கல்லூரிப் பேராசிரியரை அல்ல, நான் காயப்படுத்தின மனுஷனையே.

நாலு மாதம் ஜெபித்தவன் கையில் பட்டியல் இருந்தது

ஆனாலும் புத்தி உடனே வரவில்லை. நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, ஜெபித்தாயிற்று, போதும் என்று வெறுங்கையோடு நகரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வெளியே மூன்று மணி நேரம், உள்ளே நாலு நிமிஷம். டாக்டர் வேகமாகப் பேசினார், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்தபோது “பயாப்சி” என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் நின்றது. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டதற்கு, “வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு” என்றேன். 2019-ல் நெஞ்சு வலி வந்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன் என்பதைச் சொல்லவே இல்லை. அது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி நெகேமியா புத்தகத்தைத் திறந்தேன். கிஸ்லேயு மாதம் செய்தியைக் கேட்டவன், நிசான் மாதம்தான் அர்தசஷ்டா ராஜாவின் முன்னால் வாய் திறக்கிறான். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம். அந்த நாலு மாதமும் ஜெபம். ராஜா அவன் முகவாட்டத்தைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவன் மிகவும் பயந்தான் என்று வேதமே ஒளிக்காமல் சொல்கிறது. பயத்தோடேயே மனதுக்குள் ஒரு நொடி ஜெபித்தான். அதற்குப் பிறகு என்ன பேசினான் பாருங்கள்! எத்தனை நாள் ஆகும் என்று சொன்னான். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான். வனத்தைக் காக்கிற ஆசாபின் பெயரைச் சொல்லி, வாசலுக்கும் மதிலுக்கும் வீட்டுக்கும் மரம் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டான். வாயில் வந்ததைப் பேசினவன் இப்படிப் பேச முடியுமா? ஜெபித்த நாலு மாதமும் அவன் கணக்குப் போட்டிருக்கிறான். ஜெபமும் ஆயத்தமும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல, பிரியமானவர்களே. ஜெபம் அவனுக்கு ராஜாவின் தயவைத் தந்தது. அந்தத் தயவு கிடைத்த சில நிமிஷத்தை வீணாக்காமல் காத்தது அவனுடைய பட்டியல்.

அன்று ராத்திரியே அண்ணாச்சி தந்த நோட்டை எடுத்தேன். உங்களில் யாராவது இதே பாதையில் இருந்தால் உதவும் என்று நான் எழுதினதை அப்படியே தருகிறேன்.

முதல் பக்கம்: பரிசோதனைகள். ரத்தம் எடுத்த தேதி, அளவு, லேபின் பெயர். முன்னே எப்போதாவது பி.எஸ்.ஏ. பார்த்திருந்தால் அந்த அளவும். ஒரே ஒரு எண்ணைவிட, எண் வருஷத்துக்கு வருஷம் எப்படி ஏறுகிறது என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

இரண்டாம் பக்கம்: மருந்துகள். பெயரைப் பார்த்து எழுதியதோடு, அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டேன். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிற மாத்திரையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கும் தலைமுடி கொட்டாமலிருக்கவும் தருகிற பினஸ்டரைட், வீக்கத்துக்குத் தருகிற டூட்டஸ்டரைட் போன்ற மாத்திரைகள் பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். சொல்லாமல் விட்டால் கூடின அளவும் நல்ல அளவாகத் தெரிந்துவிடும்.

மூன்றாம் பக்கம்: உடம்பு சொல்வது. ராத்திரி எத்தனை முறை எழுகிறேன், நீர் வேகமாகப் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, முழுதும் போன திருப்தி உண்டா, எரிச்சல் உண்டா, ரத்தம் உண்டா, எலும்பில் வலி உண்டா. ஒரு வாரம் குறித்தேன். டாக்டரிடம் இதற்கென்றே ஏழு கேள்வியுள்ள ஒரு தாள் இருக்கிறது. மொத்தம் 35 மதிப்பெண். நோட்டில் குறித்திருந்தபடியால் யோசிக்காமல் நிரப்பினேன். ஒன்றை மறக்காதீர்கள்: ஆரம்ப நிலைப் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. எனக்கு ஒன்றும் இல்லையே என்பது பதில் ஆகாது.

நாலாம் பக்கம்: குடும்பம். தகப்பனுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ இந்த வியாதி இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய் வழியில் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலும் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறு பெண்களுக்கு அப்படியும் ஆண்களுக்கு இப்படியும் வரும். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேசாமலிருந்த தகப்பனாருடைய வியாதியை அன்றைக்குத்தான் எழுத்தில் எழுதினேன். என் தம்பிக்கும் போன் செய்து, “நீயும் போய்ப் பாரு” என்றேன்.

ஐந்தாம் பக்கம்: கேள்விகள். என் வயதுக்கு இந்த அளவு எவ்வளவு அதிகம்? வேறு காரணத்தால் கூடியிருக்குமா? மறுபடி பார்க்கலாமா? பயாப்சிக்கு முன்னே எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? பயாப்சி எந்த வழியாக எடுப்பீர்கள், என்ன ஆபத்து? எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும், அதை என் இருதய டாக்டரிடம் கேட்க வேண்டுமா? ஒன்றும் இல்லை என்று வந்தால் அப்புறம் என்ன? இருக்கிறது என்று வந்தால் என்னென்ன வழிகள்? எவ்வளவு நாள் யோசிக்க நேரம் உண்டு? செலவு எவ்வளவு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா? முதல் மூன்று கேள்விக்கு மட்டும் நட்சத்திரம் போட்டேன். நேரம் குறைந்தால் அவற்றையாவது கேட்க வேண்டுமே!

ராஜஸ்திரீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்

நெகேமியா ராஜாவோடு பேசின வேளையில் ராஜஸ்திரீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு சின்னக் குறிப்பு இரண்டாம் அதிகாரம் 6-ம் வசனத்தில் வருகிறது. எத்தனையோ முறை வாசித்து, கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை அது என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் தடவை என் மனைவியையும், நோட்டோடு அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பயத்தில் இருக்கிறவன் காது பாதி அடைத்துவிடும். நான் கேட்டேன், மனைவி குறித்துக்கொண்டாள். “இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க டாக்டர்” என்று அவளே கேட்டாள். டாக்டர் கோபிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படம் வரைந்து காட்டினார். அதே மருத்துவமனை, அதே டாக்டர்! ஆயத்தமாய் வந்தவர்களிடம் பேசுவது அவருக்கும் எளிதாயிருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர் போகும் குழாயைச் சுற்றி இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி. அது சுரக்கிற ஒரு புரதம்தான் பி.எஸ்.ஏ. வயதால் சுரப்பி பெருத்தாலும் அளவு கூடும், கிருமி தாக்கினாலும் கூடும், புற்றுநோய் வந்தாலும் கூடும். புகை எழும்புகிறது என்றுதான் இந்தப் பரிசோதனை சொல்லும். அடுப்பு எரிகிறதா, வீடு எரிகிறதா என்று சொல்லாது. ரொம்ப நாளாக 4 என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது உண்டு. 4-லிருந்து 10 வரை இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் என்பது மேல்நாட்டுக் கணக்கு. 10-ஐத் தாண்டினால் பாதிப் பேருக்கு மேல். நான் பதினோரு நாள் செத்தவனைப் போல நடந்தேனே, நாலில் மூன்று பங்கு நம்பிக்கை என் பக்கம் இருந்தது. கேட்காதபடியால் தெரியவில்லை.

அப்புறம், “சைக்கிள் ஓட்டுவீங்களா ஐயா?” என்றார். வீடு சந்திப்புக்கு முப்பது வருஷமாக சைக்கிள்தான் என்றேன். ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் சைக்கிளும் வேண்டாம், தாம்பத்திய உறவும் வேண்டாம், இரண்டும் அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்றார். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்த்தார், இல்லை. சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார்.

இது நமக்குப் புதிதா? லேவியராகமம் 13-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தோலில் தடிப்பு கண்டவனைப் பார்த்தவுடனே ஆசாரியன் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டான். ஏழு நாள் அடைத்து வைத்து மறுபடி பார்ப்பான். தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். அவசரப்பட்டு ஒருவனைத் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது, அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது என்பது கர்த்தர் தந்த ஒழுங்கு. இயேசு சுகமாக்கின குஷ்டரோகியையும், போய் ஆசாரியனுக்குக் காட்டு என்றுதான் அனுப்பினார். சுகம் கிடைத்தவனுக்கே பரிசோதனை உண்டென்றால், காத்திருக்கிறவனுக்கு வேண்டாமா?

கடைசியாக டாக்டர் கையுறை போட்டுப் பின்வழியாக விரலால் சோதித்தார். இதை எழுதலாமா என்று யோசித்தேன். இந்த ஒன்றுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் படியே ஏறாத சகோதரர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. கொஞ்சம் சங்கடம், வலி இல்லை. என் தகப்பனாருடைய உயிரை வாங்கின வெட்கம் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்!

இராத்திரியில் மதிலைச் சுற்றிப் பார்த்தான்

எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்த நெகேமியா உடனே கல்லை எடுத்துக் கட்ட ஆரம்பித்தானா? இல்லை. மூன்று நாள் இருந்தான். பிறகு இராத்திரியில், சில மனுஷரை மட்டும் கூட்டிக்கொண்டு, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தான். ஊரெல்லாம் சொல்லவும் இல்லை, தனியாகப் போகவும் இல்லை. எது இடிந்திருக்கிறது, எது நிற்கிறது என்று அறிந்த பிறகே கட்டுவோம் வாருங்கள் என்றான். நம் வியாதியையும் சபை முழுவதும் அறிவிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் இரண்டு மூன்று பேர் அறிந்திருக்க வேண்டும்.

என் மறுபரிசோதனையில் அளவு 7.6. குறைந்தது, ஆனால் போதுமான அளவு குறையவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முன்காலத்தில் இதை எடுக்காமல் நேராகவே பயாப்சி ஊசி போட்டார்கள். 2017, 2018-ல் வெளியான பெரிய ஆராய்ச்சிகளுக்குப் பிறகு, முதலில் படம் எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறிவைத்து எடுப்பது நல்லதென்று பல இடங்களில் வழக்கமாகி வருகிறது. அந்தப் படத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் உண்டு. என்னுடையது நாலு. அதாவது சந்தேகம் பலமாயிருக்கிறது. எம்.ஆர்.ஐ.-க்குப் போகிறவர்கள் உடம்பில் பேஸ்மேக்கரோ இரும்புத் துண்டோ இருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள். மருந்து செலுத்தி எடுப்பதானால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு நான் ஆயத்தமான விதம் இது: ஆஸ்பிரினை நானாக நிறுத்தவில்லை. இருதய டாக்டரிடமும் இவரிடமும் கேட்டு, அவர்கள் சொன்னபடி செய்கிறேன். தொடர்ந்து சில நாள் சிறுநீரிலும், சில வாரம் விந்திலும் ரத்தம் தெரியலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குளிர் காய்ச்சல் வந்தாலோ நீர் அடைத்துக்கொண்டாலோ அந்த நிமிஷமே வர வேண்டும் என்றார்கள். என் மூத்த மகனிடம் சொல்லி வைத்துவிட்டேன்: “ராத்திரி ரெண்டு மணியானாலும் வண்டிய எடு. சங்கிலி ஜெபத்துக்கு ஆள் கூடட்டும்னு காத்திருக்காதே. வண்டியில போய்க்கிட்டே ஜெபிப்போம்.”

முடிவு எப்படி வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் நோட்டில் தயாராயிருக்கின்றன. புற்றுநோய் என்று வந்தால் அதற்கு ஒரு தரம் சொல்வார்கள். டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க டாக்டர் 1960-களில் வகுத்த கணக்கு அது, இப்போது 6-லிருந்து 10 வரை. 6 என்றால் மெதுவானது. பலருக்கு உடனே ஆபரேஷன் இல்லாமல், ஒழுங்காகப் பரிசோதித்துக் கவனித்துக்கொண்டே இருப்பது போதுமென்கிறார்கள். இங்கிலாந்தில் ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட 1643 பேரைக் கவனித்தார்கள். சிலருக்கு ஆபரேஷன், சிலருக்குக் கதிர்வீச்சு, சிலருக்குக் கண்காணிப்பு. ஏறக்குறைய 15 வருஷம் கழித்து, 2023-ல் வெளியிட்ட முடிவு என்ன? மூன்று கூட்டத்திலும் இந்த வியாதியால் மரித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆகவே ஆரம்பத்திலே பார்த்தால் யோசிக்க நேரம் உண்டு, தெரிந்துகொள்ள வழி உண்டு. நீரை அடக்க முடியாமை, தாம்பத்திய வாழ்க்கையில் குறைவு போன்ற பின்விளைவுகள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் வேறுபடும். அதை வெட்கப்படாமல் மனைவியோடு உட்கார்ந்து டாக்டரிடம் கேளுங்கள்.

ஆசாவின் தவறும் எசேக்கியாவின் அத்திப்பழமும்

“அப்போ பாஸ்டர், தெய்வீக சுகம் எங்கே?” என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. நானே வருஷக்கணக்காக ஆசா ராஜாவைக் காட்டி மருத்துவருக்கு விரோதமாகப் பிரசங்கித்திருக்கிறேன். 2 நாளாகமம் 16-ம் அதிகாரத்தைத் திரும்பவும் நிதானமாக வாசித்தேன். ஆசா வைத்தியரிடம் போனதுதான் குற்றம் என்று அங்கே இல்லை. கர்த்தரைத் தேடாமல் போனதே குற்றம். எசேக்கியா வியாதிப்பட்டபோது தேவன் ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தந்தார். அது அற்புதம் இல்லையா? ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து அந்தப் புண்ணின்மேல் வைக்கச் சொன்னான். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தது. பவுலோடு கூட நடந்த லூக்கா ஒரு வைத்தியன். பவுல் அவனைப் பிரியமானவன் என்று அழைத்தானே தவிர, தொழிலை விடச் சொல்லவில்லை.

நம்முடைய மண்ணிலும் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் வைத்தியமில்லாமல் மரித்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், அதையே தேவ அழைப்பாக ஏற்று அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். அதுதான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்த அம்மையார் அழுது ஜெபித்ததற்குத் தேவன் தந்த பதில் ஒரு ஆஸ்பத்திரி! அதன் படியேற வெட்கப்படுவதா விசுவாசம்?

தேவன் இன்றைக்கும் சுகமாக்குகிறார். ஒரு கை வைப்பில் சுகமாக்கவும் அவரால் கூடும், சர்ஜனுடைய கத்தியைக் கொண்டு சுகமாக்கவும் கூடும். அதைத் தீர்மானிக்கிற சிங்காசனம் அவருடையது. நான் 2020-ல் அந்தச் சிங்காசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இப்போது இறங்கிவிட்டேன். உடன் ஊழியர்களே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்: ரிப்போர்ட்டோடு வருகிறவனுக்குக் கைவைத்து ஜெபியுங்கள், எண்ணெய் பூசி ஜெபியுங்கள், ஆனால் கிழிக்கச் சொல்லாதீர்கள். முடிந்தால் அவனோடு கூட ஆஸ்பத்திரி வரைக்கும் போங்கள்.

பயாப்சி நாள் காலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி ஷட்டரைத் திறக்காமல் நேரே என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் தோளில் கைவைத்துத் தவறாக ஜெபித்த மனுஷன், என் தோளில் கைவைத்து ஜெபிக்கப் போகிறார். ரிசல்ட் எப்படி இருந்தாலும், இந்த ஒரு சுகத்தைக் கர்த்தர் ஏற்கனவே தந்துவிட்டார். ஸ்தோத்திரம்!

இதை வாசிக்கிற சகோதரனே, மடித்து வைத்த காகிதம் ஒன்று உன் வீட்டில் இருக்கிறதா? இன்றைக்கே வெளியே எடு. மனைவியிடம் காட்டு. ஒரு நோட்டு வாங்கு. சகோதரியே, உன் வீட்டுக்காரர் ராத்திரி அடிக்கடி எழுந்து போகிறாரா? வெட்கப்படாமல் கேள். ஜெபிப்போம்.

ஜெபம்

அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் பயப்படுகிறோம். அதை உமக்கு மறைக்கவில்லை. எங்கள் காகிதங்களை உம்முடைய பாதத்தில் விரித்து வைக்கிறோம். நெகேமியாவுக்குக் கொடுத்த புத்தியையும் தைரியத்தையும் எங்களுக்கும் தாரும். எங்களைப் பார்க்கப்போகிற டாக்டர்களின் கண்ணையும் கையையும் ஆசீர்வதியும். கேட்க வேண்டியதைக் கேட்க வாயையும், சொல்லுவதைக் கேட்கக் காதையும், கூட வர ஒரு துணையையும் தாரும். எந்த முடிவு வந்தாலும் அந்த அறையில் நீர் எங்களோடு உட்கார்ந்திரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

ஜெபக்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்காக ஒரு நிமிஷம் முழங்காற்படியிடுங்கள். அண்ணாச்சியின் அடுத்த ஊசிக்காகவும் ஜெபியுங்கள். முடிவு எதுவானாலும், மறைக்காமல் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரனும் உடன் ஊழியனும்.